திரையிலிருந்து தாளுக்கு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின் மேல் மாலைப்பொழுதில் நின்று மேற்கே நோக்குகிறவர்களுக்கு, ஸ்ரீபெரும்புதூர்த் திசையில் சூரியன் இறங்க இறங்க, நீர்ப்பரப்பு முதலில் பித்தளையாகவும் பிறகு செம்பாகவும் மாறி, கடைசியில் கறுப்பென்றும் நீலமென்றும் துணிந்து சொல்ல முடியாத ஒரு வர்ணத்தில் வந்து நிற்பது தெரியும். 24 அடி உயரத்துக்கு நீர் கொள்ளக்கூடியதும், சென்னைக்குக் குடிநீர் தருவதும், அடையாற்றுக்குத் தாய்மடியாக இருப்பதுமான இந்த ஏரிக்குக் கிழக்கே, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், தன் சிறிய குன்றின் மேல் முருகன் கோயிலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், சிறு வயது முதல் இந்தக் கரையின் மேல் நடந்து பழகியவள். சென்ற ஆண்டு இரவு நேரங்களில் உட்கார்ந்து, கணினித் திரையின் மேலேயே ஓர் எழுதுகோலால் ஒரு சித்திரம் தீட்டினாள்: பின்னால் அந்தி நேரத்து ஏரி, முன்னால் குன்றத்தூர் முருகன், அவனுக்கு வாகனமாக ஒரு மயில். மயிலின் கழுத்துக்கு வேண்டிய வர்ணத்தை எங்கிருந்து எடுப்பது என்று யோசித்தவள், தன் தாயாரின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்தே அந்தக் கழுத்தைத் தீட்டி முடித்தாள்.

பொங்கலுக்கு உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அந்தப் படத்தைக் காலண்டராக அச்சிட வேண்டும் என்பது அவள் ஆசை. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் கொடுத்து, நூறு பிரதிகளையும் ஒரே மூச்சில் அடித்து வாங்கிக்கொண்டு வந்தோம். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, மயிலின் கழுத்து கத்தரிப்பூ நிறமாக இருந்தது. அந்தி ஏரி சேறாக இருந்தது. முருகனின் முகத்தில் காமாலை கண்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "ஸ்கிரீன்ல நல்லாத்தானே சார் இருந்துச்சு, பிரிண்ட்ல இப்படித்தான் வரும்" என்று கடைப் பையன் சொன்னான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திரையில் நன்றாகத்தான் இருந்தது. ஆயினும், திரையில் நன்றாக இருந்த ஒரு வர்ணம் தாளில் ஏன் இப்படி விழுகிறது என்பதும், இதற்கு முன்னால் நம் நாட்டில் வர்ணப் படம் அச்சிட்டவர்கள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் அன்றிரவு முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

தமிழில் திரை என்ற சொல்லுக்கு அலை என்றும் பொருள்; மறைக்கும் சீலை என்றும் பொருள்; பிற்காலத்தில் சினிமாப் படம் விழும் வெண்துணியும், கணினியின் கண்ணாடி முகமும் அதே பெயரைப் பெற்றன. வர்ண அச்சின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தால், இந்தச் சொல் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு வேஷத்தில் எதிரே வந்து நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் கணினித் திரையின் இயல்பை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பூதக்கண்ணாடியை வைத்து அதைப் பார்த்தால், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிற ஒளிப்புள்ளிகளே அதில் இருக்கின்றன. மூன்றும் முழு வேகத்தில் எரியும் இடம் வெள்ளை. மூன்றும் அணைந்த இடம் கறுப்பு. அச்சிட்ட தாளை அதே கண்ணாடியால் பார்த்தாலோ, அங்கே சியான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் செந்நீலச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் இருக்கின்றன. அங்கே மை படாத இடந்தான் வெள்ளை. மைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏற ஏற, ஒளி குறைந்துகொண்டே போய் இருட்டாகிறது. ஒன்று தானே ஒளி வீசுகிறது. மற்றொன்று, பிறர் கொடுத்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஆகவே, திரை காட்டக்கூடிய சில வர்ணங்கள், முக்கியமாகச் சுடர்விடும் நீலமும் கிளிப்பச்சையும், நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. சியானும் மெஜந்தாவும் கூடித்தான் தாளில் நீலம் பிறக்க வேண்டும். அந்தக் கூட்டில் மெஜந்தா சிறிது ஓங்கினாலும் நீலம் கத்தரிப்பூவாகிவிடும். எங்கள் மயிலுக்கு நேர்ந்த கதி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் புடவை எடுக்கப் போகும் பெண்கள், கடைக்காரர் எத்தனை விளக்கு போட்டுக் காட்டினாலும் திருப்தியடையாமல், புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகே பணம் கொடுப்பார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்தக் கருநீலம் விளக்கொளியில் ஒன்றாகவும் வெயிலில் வேறொன்றாகவும் தோன்றும் என்பதை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படித்தவர்கள் அல்லர். அச்சுத் தொழிலின் சர்வதேச நியமம், அச்சுப் பிரதியை 5000 கெல்வின் என்று குறிக்கப்படும் ஓர் அளவான வெளிச்சத்தின் கீழ் வைத்துத்தான் வர்ணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறது. கணினித் திரைகளோ பெரும்பாலும் 6500 கெல்வின் என்னும் இன்னும் நீலம் கலந்த வெண்மைக்கு அமைக்கப்படுகின்றன. கடை வாசலுக்கு வந்து நின்ற நம் பாட்டிமார், அந்த விதியின் சாரத்தை அநுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

சித்திரத்தைத் தாளுக்கு மாற்றும் முயற்சி நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியதற்குக் காரணமாக இருந்த ஒரு யோசனை, கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவிடமிருந்து வந்தது. ரவிவர்மாவின் ஓவியங்களை வேண்டுவோர் பலர், ஓவியரோ ஒருவர், கைகளோ இரண்டு; ஆகையால் சிறந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஒலியோகிராப் என்னும் முறையில் பிரதிகள் எடுத்தால், ஓவியருக்கும் புகழ், நாட்டுக்கும் உபகாரம் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணமே வளர்ந்து, 1894இல் ரவிவர்மா பம்பாயில் சொந்தமாக ஓர் அச்சகம் நிறுவும்படி செய்தது. சில ஆண்டுகளில் அது லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவளிக்குப் போயிற்று; பிறகு, அதில் பணிபுரிந்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரின் உடைமையாயிற்று. நம் வீடுகளின் கூடத்துச் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்ற லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து வந்தவர்களே.

அந்த அச்சு எப்படி நடந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். 1796இல் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேராது என்ற எளிய உண்மையின் மேல் நிற்பது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டிய மழமழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த மசியால் உருவம் எழுதி, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், எழுதிய இடத்தில் மட்டும் மை பற்றும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். ஒரு தேவியின் படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கற்கள் வேண்டியிருந்தது சர்வ சாதாரணம். கன்னத்துக்கு ஒரு கல், அதன் நிழலுக்கு ஒரு கல், புடவையின் மடிப்புக்கு ஒரு கல், நகையின் மஞ்சளுக்கு ஒரு கல். கல்லில் எழுதும் கலைஞன், எண்ணெய் ஓவியத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் கலந்து கிடக்கும் வர்ணங்களைத் தன் கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் இடவலம் மாற்றி, ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளாகக் குத்தி எழுத வேண்டும். பிறகு கல்லுக்குக் கல் மை ஏற்றி ஒரு பிரதி எடுத்து, ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மிகுந்ததைச் சுரண்டியும் குறைந்ததைச் சேர்த்தும் திருத்துவான். படத்துக்கும் பிரதிக்கும் நடுவே ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் தேடிக்கொண்டு போவது அவனைத்தான்.

அவனுடைய கண் செய்த வேலையைக் கண்ணாடியும் கேமராவும் செய்யத் தொடங்கியது அடுத்த கட்டம். எந்த வர்ணத்தையும் மூன்று ஆதார வர்ணங்களாகப் பிரித்துப் பின்னர் கூட்டலாம் என்பதை, 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஒரு வர்ண நாடாவின் மூன்று புகைப்படங்களை மூன்று விளக்குகளால் ஒரே இடத்தில் வீழ்த்திக் காட்டினார். கணினித் திரைக்கு மூலபுருஷர் என்று அவரைச் சொல்லலாம். 1869இல் பிரான்சில் லூயி டியுக்கோ டு ஓரோன் எழுதி வெளியிட்ட வர்ணப் புகைப்பட முறையோ, மையை நம்பும் தாள் வழிக்கு ஆதாரம். ஒளியின் வழியும் மையின் வழியும் எட்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு தேசங்களில் பிறந்துவிட்டன; இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ள நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மையில் ஒரு குறை உண்டு. திரையின் ஒளியை ஏற்றலாம், இறக்கலாம். மையை அப்படிச் செய்ய முடியாது. பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை. வெளுத்த சிவப்புக்கும் அழுத்தமான சிவப்புக்கும் ஒரே மைதான். புள்ளியைச் சிறிதாக்கினால் கண் வெளுப்பாகக் காண்கிறது, பெரிதாக்கினால் அழுத்தமாகக் காண்கிறது. படத்தைப் புள்ளிகளாக உடைப்பதற்கு, நெருக்கமான கோடுகள் கீறிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கேமராவுக்குள் வைத்தார்கள். அந்தக் கண்ணாடிக்கும் ஸ்கிரீன் என்றே பெயர். இந்த வித்தையில் உலகமே கவனிக்கும்படியான ஆராய்ச்சியைச் செய்தவர்களுள் ஒருவர், கல்கத்தாவில் வாழ்ந்த உபேந்திர கிஷோர் ராய் சௌத்ரி. குழந்தைகளுக்காக எழுதிய ராமாயணத்துக்குத் தாமே வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து போனதைக் கண்டு மனம் வெதும்பிய அவர், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, எந்த ஆசிரியரும் இல்லாமல் தாமே பரிசோதனை செய்து, திரைக்கும் தகட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், லென்ஸின் துவாரம், ஒளி விழும் நேரம் ஆகியவற்றுக்குள்ள சம்பந்தத்தைக் கணித முறையில் வகுத்தார். அவருடைய கட்டுரைகளை லண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டு மலர் மீண்டும் மீண்டும் பிரசுரித்தது. அவருடைய பேரர் சத்யஜித் ராய் வேறொரு திரையில் புகழ் பெற்றதை நாம் அறிவோம். தம்முடைய சித்திரம் அச்சில் கெட்டதே என்ற ஒரு கலைஞனின் வருத்தத்திலிருந்து இவ்வளவு பெரிய காரியம் பிறந்தது; கத்தரிப்பூ நிற மயிலைப் பார்த்துக் கண் கலங்கிய பெண்ணுக்கு நான் சொன்ன ஆறுதல் இந்தக் கதைதான்.

தமிழ்நாட்டின் கதைக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதும், மழை குறைந்த அந்தக் கரிசல் பூமி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்பெற்றதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். பெட்டிக்கு மேலே ஒட்டும் சித்திரம்தான் எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குச் சரக்கின் அடையாளம். ஆகையால் தீப்பெட்டியின் நிழலைப் போலவே வர்ண அச்சும் அங்கே தொடர்ந்து வந்து குடியேறியது. ஈரம் பட்டால் தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஒரு வர்ணம் அடித்துக் காய்ந்த தாளை மறுநாள் அடுத்த வர்ணத்துக்கு ஏற்றும்போது மயிரிழை நீண்டிருந்தாலும் கண் ஓரிடத்திலும் கண்மை ஓரிடத்திலும் விழும். வறண்ட காற்றுக்கு அந்தத் தொல்லை குறைவு. லேபிளில் பழகிய கை காலண்டருக்குப் போயிற்று. இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டின் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவது அவ்வூர்த் தொழிலதிபர்களின் சம்பிரதாயமாக இருக்கிறது. ஆற்றில் புதுப்புனல் வரும் நாளில், ஆறில்லாத ஊர் தன் புதுச்சரக்கை ஊருக்குக் காட்டுகிறது.

அந்தக் காலண்டர்களுக்குப் படம் எழுதியவர்களின் தலைமகன், கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை அரசினர் கலைப்பள்ளியில் பயின்றவர், சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியவர், பிறகு ஊர் ஊராகச் செல்லும் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, தர்பார் மண்டபமும் நந்தவனமும் காடுமாகத் திரைச்சீலைகள் எழுதியவர். 1942இல் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, தம்மோடு இருந்த சீடர்களையும் வைத்துக்கொண்டு, புகைப்படமும் படம் எழுதுவதுமாக வாழ்க்கையைத் தொடங்கினார். சுப்பையா, ராமலிங்கம் முதலிய அந்தச் சீடர்களின் கையெழுத்து, தமிழ்நாட்டில் எண்ணெய்க் கடை முதல் ஜவுளிக் கடை வரை மாட்டியிருந்த காலண்டர்களின் மூலையில் இருக்கும். கொண்டையராஜு 1976இல் காலமானார். நாடகத் திரையில் எழுதிய கை என்பது அந்தப் படங்களைப் பார்த்தவுடன் தெரியும்: தூண்களுக்கு நடுவே தெய்வம், பின்னால் தூரத்தில் ஏரியும் மலையும், தெய்வத்தின் முகத்தின் மேல் மேடை விளக்கு விழுந்தாற்போன்ற ஒளி.

அவர்களுடைய சிறப்பு, தெய்வத்தை அழகாக எழுதினார்கள் என்பதோடு முடிந்துவிடவில்லை. தாங்கள் எழுதுவது சுவரில் மாட்டும் மூலப்படம் அன்று, அச்சு யந்திரத்துக்குள் போகும் படம் என்ற பிரக்ஞையோடு அவர்கள் எழுதினார்கள். எந்தப் பச்சை கேமராவுக்குள் அழுக்காகும், எந்த ரோஜா நிறம் மஞ்சளாகும், எந்த நிழலை அழுத்தினால் அச்சில் கறுப்புத் திட்டாக விழும் என்பதையெல்லாம் வந்த பிரதிகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, யந்திரம் கெடுக்கப் போவதை முன்கூட்டியே எண்ணிப் படத்தில் ஈடு செய்தார்கள். தெய்வங்களின் மேனி இயற்கைக்கு மாறான ரோஜா நிறமாகவும் நீலமாகவும் இருக்கிறதே என்று நகரத்து ரசிகர்கள் சிலர் அக்காலத்தில் முகஞ்சுளித்தது உண்டு. சந்தைக்கடையின் மங்கல் வெளிச்சத்தில், சாதாரணத் தாளில், எண்ணெய்ப் புகையும் தூசியும் படிந்து ஓராண்டு தொங்க வேண்டிய படத்துக்கு அந்தப் பிரகாசம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த முகச்சுளிப்பு நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

அச்சகத்தின் உள்ளேயும் அதே கவனம் இருந்தது. கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது. தகட்டிலிருந்து உருவம் முதலில் ரப்பர் விரிப்பின் மேல் விழுந்து, அங்கிருந்து தாளுக்குப் போகும் ஆஃப்செட் முறை வந்தது. அமெரிக்காவில் 1904இல் ஐரா ரூபெல் என்பவர் காகிதத் தாளைப் போடத் தவறிய ஒரு தருணத்தில் தற்செயலாகக் கண்டது அது. நான்கு வர்ணங்களுக்கும் நான்கு நெகட்டிவ். ஒவ்வொன்றுக்கும் திரையின் கோடுகள் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். கறுப்பு 45 டிகிரி, மற்ற இரண்டு அழுத்தமான வர்ணங்கள் 15, 75, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் நேர்க்கோட்டில். கோணம் தவறினால் படத்தின் மேல் ஏரியின் அலையைப் போல ஒரு கோலம் நெளியும். திரை என்ற சொல்லுக்கு அலை என்று பொருள் சொன்ன நம் முன்னோர், இதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

நெகட்டிவ்கள் முடிந்ததும், யந்திரம் முழு வேகத்தில் ஓடுவதற்கு முன்னால், புரூஃப் என்னும் மாதிரி அச்சு எடுப்பார்கள். மஞ்சள் மட்டும் ஒரு தாள், சிவப்பு மட்டும் ஒரு தாள், மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ஒரு தாள், அதன் மேல் நீலம் ஏறி ஒரு தாள், கடைசியில் கறுப்பு என்று வரிசையாக எடுத்து, மூலப்படத்தோடு மேஜை மேல் பரப்பி வைத்து, அச்சகத்தாரும் வியாபாரியும் குனிந்து பார்ப்பார்கள். முகத்தில் சிவப்பைக் குறை என்பார் ஒருவர். புடவையில் நீலத்தை ஏற்று என்பார் மற்றொருவர். புள்ளியை அமிலத்தால் கரைத்துச் சிறிதாக்கும் கைத்தொழிலாளி அதைத் திருத்திக்கொண்டு வருவான், மறுபடியும் புரூஃப். வியாபாரி கையெழுத்திட்ட அந்தத் தாள் மெஷின்மேனின் தலைமேட்டில் தொங்கும். ஓடுகிற தாளில் ஒன்றை உருவி, லென்ஸை வைத்துப் பார்த்து, தொங்குகிற தாளோடு ஒப்பிட்டு அவன் மைத்திருகைத் திருப்புவான். இரண்டு கட்சிக்காரரும் ஒரே தாளை, ஒரே வெளிச்சத்தில், ஒரே சமயத்தில் பார்த்து உடன்படுவதாகிய இந்த ஏற்பாடே வர்ண அச்சின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். யந்திரங்கள் எத்தனை மாறினாலும் நல்ல அச்சகங்கள் இதை மாற்றவில்லை.

சென்னை வடபழனியில் திரையும் தாளும் ஒரே குடும்பத்தின் கீழ் வாழ்ந்தன. விஜயா வாகினி ஸ்டூடியோவை நடத்திய பி. நாகிரெட்டி, சக்ரபாணியோடு சேர்ந்து 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார். பக்கத்துக்குப் பக்கம் வர்ணச் சித்திரத்தோடு, குழந்தைகள் கையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய விலையில் ஒரு பத்திரிகை மாதம் தவறாமல் வருவது என்பது, அந்நாளைய அச்சுத் தொழிலில் ஒரு சாதனை. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் முதல் முழுநீள வர்ணப்படமாக வந்தது; 1965இல் நாகிரெட்டியின் 'எங்க வீட்டுப் பிள்ளை' வர்ணத்தில் ஓடியது. இருட்டறையில் ஒளியாகக் கண்ட வர்ணத்தைச் சுவரொட்டியில் மையாகக் காண வேண்டும் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். மவுண்ட் ரோட்டில் உயர்ந்து நின்ற சினிமா பேனர்களை எழுதியவர்கள் பல சமயங்களில் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தையே பார்த்துக் கட்டம் போட்டு எழுதி, கதாநாயகனின் கன்னத்தில் ரோஜாவையும் தாடையின் நிழலில் பச்சையையும் நீலத்தையும் தாமாகவே கற்பித்துத் தீட்டினார்கள். வெயிலில் வெளுக்கும் என்று தெரிந்தே அழுத்திப் போட்டார்கள்.

பிறகு வந்த மாற்றம் மிகவும் வேகமானது. 1985இல் பேஜ்மேக்கர், 1990இல் போட்டோஷாப் என்னும் கணினி மென்பொருள்கள் வந்தன. 1990களில் நம்மூர் அச்சகங்களின் முன்னறையில் டி.டி.பி. என்ற பலகை. வர்ணம் பிரிப்பது ஒரு பொத்தானுக்குள் அடங்கிற்று. அதற்கு முன் வர்ணப் படத்தை வைத்துக்கொண்டுதான் அச்சகத்துக்குப் போனோம். மூலப்படம் என்ற ஒரு பொருள் கையில் இருந்தது. திரையிலேயே பிறந்த படத்துக்கு மூலம் எங்கே இருக்கிறது? வரைந்தவளின் திரையில் ஒரு நீலம், கடைக்காரன் திரையில் வேறொரு நீலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. மனிதக் கண்ணின் வர்ண உணர்ச்சியை 1931இல் எண்களால் வரையறுத்த சர்வதேச அளவுமுறையை அடிப்படையாகக் கொண்டு, 1993இல் ஒரு சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு திரைக்கும், ஒவ்வொரு யந்திரத்துக்கும், ஒவ்வொரு வகைத் தாளுக்கும் ஒரு ஜாதகம் கணித்து, படத்தோடு அந்த ஜாதகத்தையும் அனுப்பினால், வாங்கிக்கொள்கிறவன் தன் யந்திரத்தின் ஜாதகத்தோடு பொருத்தம் பார்த்து, எட்டாத வர்ணத்துக்கு எட்டக்கூடிய மிக நெருங்கிய வர்ணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். புரொஃபைல் என்று அதைச் சொல்கிறார்கள். 1996இல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சாதாரணத் திரைகளுக்கென்று எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவையும் வகுத்துக் கொடுத்தன.

சிவகாசியின் பெரிய ஆஃப்செட் அச்சகங்கள் இவற்றைக் கற்றுக்கொண்டன. நெடுஞ்சாலையின் பேனர்க் கடைகளுக்கு இது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். தூரிகைக்காரன் நாலு நாள் எழுதிய பேனரைப் பிளெக்ஸ் யந்திரம் சில நிமிஷங்களில் துப்பிவிடுகிறது. ஆயுதபூஜை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அன்றே கொடுத்து அன்றே வாங்கலாம். அந்த வேகத்தில் முதலில் உதிர்ந்து விழுந்தது புரூஃப். தூரத்திலிருந்து ஒருநாள் பார்த்துவிட்டு மறக்கிற பேனருக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஓராண்டு வீட்டில் தொங்க வேண்டிய முருகனையும் அதே பழக்கத்தில் அடித்துக் கொடுத்ததுதான் எங்களுக்கு நேர்ந்தது. திரையில் பார்த்ததையே புரூஃபாகக் கொண்டுவிட்ட குற்றத்தில் எங்களுக்கும் பாதி உண்டு.

இதை நான் செம்பரம்பாக்கத்தில் இருந்துகொண்டு எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்தச் சுற்று வட்டாரத்தில் நடக்கும் கார்த் தொழிலில் உடம்பு எஃகு, முன்னும் பின்னும் உள்ள பம்பர் பிளாஸ்டிக். இரண்டுக்கும் தனித்தனியே சாயம் அடித்து ஒன்றாகப் பொருத்தும்போது, ஒரே வர்ணமாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டும். அதற்காகக் கருவியால் பல கோணங்களில் அளந்து, வேறு வேறு விளக்குகளின் கீழ் நிறுத்தி மனிதக் கண்ணாலும் சோதிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு வர்ணங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடுவது உண்டு. இதைக் கேட்டறிந்த என் தங்கை மகள், "காருக்குச் செய்றாங்க மாமா, மயிலுக்கு நாம செய்யலை" என்றாள்.

மறுபடியும் அச்சிடுவதென்று தீர்மானித்து, பூந்தமல்லிப் பக்கத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் போனோம். இளமையில் சிவகாசியில் நெகட்டிவ் பிரிவில் வேலை பார்த்தவர். படத்தைத் திரையில் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, திரையின் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே குறைத்ததுதான். "இவ்வளவு வெளிச்சம் தாள்ல எங்கேம்மா இருக்கு?" என்றார். பிறகு, எந்தத் தாள் என்று கேட்டார். மேப்லித்தோ என்னும் தாளில் மை உள்ளே இறங்கிப் புள்ளி அகன்று படம் இருண்டுபோகும். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும் என்று இரண்டையும் தடவிப் பார்க்கக் கொடுத்தார். நான்கு மைகளும் நூற்றுக்கு நூறு சேர்ந்தால் 400 ஆகும், 300க்கு மேல் ஏற்றினால் காயாமல் பின்தாளில் ஒட்டும் என்று சொல்லி, அந்தி ஏரியின் இருட்டில் மூன்று வர்ணங்களையும் குறைத்து அந்த இடத்தைக் கறுப்பிடம் ஒப்படைத்தார், சேறு தெளிந்தது. முருகனின் முகத்திலிருந்து மஞ்சளைச் சிறிது எடுத்தார். மயிலின் கழுத்துக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டு, "எந்த நீலம் வேணும்? அதைக் கொண்டா" என்றார்.

அடுத்த நாள் புடவையை எடுத்துக்கொண்டு போனோம். கழுத்தை மட்டும் ஐந்து கீற்றுகளாக, மெஜந்தாவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே ஆர்ட் பேப்பரில் அடித்து வைத்திருந்தார். உள்ளே டியூப்லைட்டின் கீழ் பார்க்கப் போனவளைத் தடுத்து, தெருவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். காலை பத்து மணி. வேப்பமரத்து நிழலில் நல்ல வெளிச்சம். என் தங்கை மகள் முந்தானையை விரித்துக் கையில் பிடித்தாள். அவர் கீற்றுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்து நகர்த்தினார். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டு அது. கை அசைந்தால் பச்சை, நின்றால் நீலம்.

"அசையறதை அடிக்க முடியாதும்மா. நிக்கிற நீலம் எதுன்னு சொல்லு. ஜரிகையும் தாள்ல மஞ்சளாத்தான் விழும், அதை இப்பவே மனசுல வச்சுக்க."

அவள் நான்காவது கீற்றை எடுத்தாள். மறுபடி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நிழலுக்குத் திரும்பினாள். "இதுதான் மாமா" என்று மூன்றாவதை என்னிடம் காட்டினாள். திரையில் இருந்த நீலத்தைவிட அது ஒரு படி தாழ்ந்ததுதான். ஆனால் புடவைக்குப் பக்கத்தில் இருந்தது. முதியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கீற்றின் ஓரத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி, உள்ளே போய் யந்திரத்துக்கு மேலே இருந்த கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.